அடுக்களையில் வளர்ந்த சங்கம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (வேதியியல்)

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் குழல் விளக்கிற்குக்கூட உபயதாரர் பெயர் எழுதியிருக்கும். ஆடி மாதத்தில் அங்கே கூழ் காய்ச்சும் பெண்களுள் என் தாயும் ஒருவர். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் அப்பெண்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். நூலகத்தில் ஜப்பானிய பௌத்தம் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ‘புஜின்காய்’ என்ற சொல் கண்ணில் பட்டது. புஜின் என்றால் மகளிர். காய் என்றால் சங்கம். கோயில்தோறும் இயங்கும் அந்த மாதர் சங்கத்தின் வரலாற்றை ஆசிரியப் பெருமக்களுக்கும் தோழர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜப்பானில் ஷின்ரான் (1173–1263) தோற்றுவித்த பௌத்தப் பிரிவு ஜோடோ ஷின்ஷூ. அமிதாப புத்தரின் அருள் துறவிகளுக்கு மட்டுமன்றி இல்லறத்தாருக்கும் உண்டு என்று போதித்த அவர், தாமும் மணம் புரிந்து வாழ்ந்தார். அவர் மறைந்தபின் 1272ஆம் ஆண்டு கியோத்தோவில் நினைவு மண்டபம் எழுப்பப்பட்டது. அதனைக் காத்தவர் அவர் மகள் ககுஷின்னி. தமக்குக் கணவர் வழி வந்த அந்நிலத்தை அடியார்களுக்கே அவர் அளித்துவிட்டார். அம்மண்டபமே பிற்காலத்தில் ஹொங்வான்ஜி என்னும் பெருங்கோயிலாக வளர்ந்தது.

ஷின்ரான் என்றொருவர் உண்மையில் வாழ்ந்தாரா என்றுகூட அறிஞர் சிலர் ஐயுற்ற காலம் உண்டு. 1921ஆம் ஆண்டு கோயில் பண்டகசாலையில் பத்துக் கடிதங்கள் கிடைத்தன. அவை ஷின்ரானின் மனைவி எஷின்னி தம் மகளுக்கு எழுதியவை. பஞ்சம், காய்ச்சல், வேலையாட்கள் என்று வீட்டுச் செய்திகளோடு கணவரைப் பற்றிய நினைவுகளும் அவற்றில் இருந்தன. ஐயம் தீர்ந்தது. மகானுக்குச் சான்று கூறியவை ஒரு குடும்பப் பெண்ணின் கடிதங்களே!

இச்சங்கங்களை நாடளாவிய இயக்கமாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் டாகெகோ குஜோ அம்மையார் (1887–1928). மேற்கு ஹொங்வான்ஜி தலைமைக் குருவின் மகளாகப் பிறந்த அவர், பெண் கல்விக்காகக் கியோத்தோவில் கல்லூரி அமையப் பாடுபட்டார். 1923ஆம் ஆண்டு நிலநடுக்கம் டோக்கியோவைச் சிதைத்தபோது வீடிழந்தோரிடையே பணியாற்றினார். பின்னர் சேரிகளில் ஏழை நோயாளருக்குத் தொண்டு செய்தார். நாற்பதாம் வயதிலேயே நோயுற்று மறைந்தார். அமெரிக்கக் கோயில்களில் பிப்ரவரி மாதந்தோறும் அவர் நினைவாகத் தான வழிபாடு நடைபெறுகிறது.

அமெரிக்காவுக்கு இம்மார்க்கம் எவ்வாறு சென்றது? 1899ஆம் ஆண்டு இரு குருமார் சான் பிரான்சிஸ்கோவில் வந்திறங்கினர். கூலிவேலைக்குச் சென்ற ஜப்பானியர் அங்கே குடியுரிமை பெற முடியாது. 1913க்குப் பின் கலிபோர்னியாவில் நிலம் வாங்கவும் தடை ஏற்பட்டது. புகைப்படம் பார்த்தே மணம் பேசி அழைத்துவரப்பட்ட மணப்பெண்கள் வயலிலும் சலவைக்கூடத்திலும் உழைத்தனர். தாய் வீட்டைக் கடல் கடந்து விட்டுவந்த அவர்களுக்குப் பேச்சுத் துணை கிடைத்த இடம் கோயில். அங்கே அவர்கள் கூடிய சங்கமே புஜின்காய்.

சங்கத்தின் பணிகள் யாவை? இறப்பு நேர்ந்த குடும்பத்துக்கு உணவு சமைத்தல், குழந்தைகளின் ஞாயிறு அறவகுப்புக்குத் துணை நிற்றல், சந்தை நடத்தி உணவு விற்றுக் கோயிலுக்கு நிதி சேர்த்தல் ஆகியவை அவற்றுள் சில. விழாவுக்கு முன் பலர் கூடியமர்ந்து பீடத்துப் பித்தளைக் கலங்களைத் துலக்குவர். புளியிட்டுக் குத்துவிளக்கைத் துலக்கும் என் தாயை நான் நினைத்துக்கொண்டேன். களிம்பை அமிலம் கரைக்கும் என்பது எனக்கு வகுப்பில் கிடைத்த பாடம், அவருக்கோ கைப்பழக்கம்.

1941 டிசம்பரில் போர் மூண்டதும் குருமார் பலர் கைதாயினர். 1942ஆம் ஆண்டு ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். பாலைவெளி முகாம்களில் மரத்துண்டுகளால் பீடம் செய்தனர். சாவு நிகழ்ந்தபோது பூ கிடையாது. பெண்கள் காகிதத்தில் மலர் செய்து மாலை கட்டினர். குருமார் இல்லாத இடத்திலும் வழிபாடு நின்றுவிடாமல் காத்ததில் அப்பெண்களுக்குப் பெரும் பங்குண்டு.

1961ஆம் ஆண்டு கியோத்தோவில் கூடிய உலக பௌத்த மகளிர் மாநாடு, 2019ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் பதினாறாம் முறையாகக் கூடியது. இன்று பெண்கள் அலுவலகம் செல்கின்றனர், குருமாராகவும் விளங்குகின்றனர். அடுக்களை வேலை பெண்களுக்கே உரியதா என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் அவ்வேலையைச் செய்தோரைச் சங்கமாகப் பதிவு செய்து, தலைவர், செயலாளர், கணக்கு என்று வைத்துக்கொண்டதால்தான் அவர்கள் உழைப்பு வரலாறாயிற்று. பசிப்பிணி தீர்த்த மணிமேகலையைப் போற்றும் நமக்கு இது புரியாததன்று.

சென்ற ஆடியில் கூழ் காய்ச்சிய பெண்களின் பெயர்களை என் தாயிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதினேன். “இதையெல்லாமா எழுதுவாங்க?” என்று அவர் சிரித்தார். பிறகு, விட்டுப்போன இரண்டு பெயர்களை அவரே நினைவுபடுத்திச் சொன்னார். நண்பர்களே, எழுதப் படிக்கக் கற்ற நாம் நம் ஊர்களிலும் அப்பெயர்களை எழுதி வைப்போமாக!