முகமூடிக்குள் இருப்பது மிருகமா?

அக்டோபர் 31 இரவு, அமெரிக்காவில் ஹாலோவீன். பிள்ளைகள் பேயாகவும் சூனியக்காரியாகவும் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போவார்கள். சியாட்டில் நகரில் ஒருமுறை எட் டீனர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 27 வீடுகளில் காத்திருந்தார்கள். கதவைத் திறக்கும் பெண் "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். மேஜையில் மிட்டாய்க் கிண்ணம். பக்கத்திலேயே சில்லறைக் காசு போட்ட இன்னொரு கிண்ணம். தட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒருவர், யார் எத்தனை எடுக்கிறார்கள் என்று ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வந்த பிள்ளைகள் 1,300 பேருக்கு மேல்.

சிலரிடம் மட்டும் பேரும் வீடும் விசாரிக்கப்பட்டன. அப்படிப் பேர் சொல்லிவிட்டுத் தனியாக நின்ற பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்தான் கூடுதலாக அள்ளினார்கள். பேர் கேட்கப்படாமல் கும்பலாக வந்தவர்களில் 57 பேர். அந்தக் கும்பலிலேயே சின்னப் பிள்ளையைக் காட்டி, "ஏதாவது குறைந்தால் இவன்தான் பொறுப்பு" என்று சொல்லிவைத்தபோது 80 பேர்! வேஷம் எல்லோருக்கும் இருந்தது. பேரைச் சொன்னதும் முகமூடி இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிட்டது. 1976-இல் வெளியான இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

மிட்டாய் போகட்டும், ரத்தம் சிந்தும் இடத்தில் என்ன நடக்கிறது? 1973-இல் வாட்சன் என்ற ஆய்வாளர் 23 சமூகங்களைப் பற்றிய மானிடவியல் பதிவுகளைப் புரட்டினார். போருக்குப் போகுமுன் முகத்தில் சாயம் பூசியோ முகமூடி அணிந்தோ தோற்றத்தை மாற்றிக்கொண்ட சமூகங்கள் 15. அவற்றில் 12, எதிரியைச் சித்திரவதை செய்வதிலும் சிதைப்பதிலும் முன்னே நின்றன. தோற்றத்தை மாற்றாத எட்டில் ஒன்று மட்டுமே அப்படி. வட அயர்லாந்தில் 1990-களில் நடந்த 500 தாக்குதல்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ சில்க்கும், முகத்தை மறைத்துக்கொண்டு வந்தவர்களே கூடுதலாகக் காயப்படுத்தினார்கள் என்று கண்டார். ஆனால் சாயம் கொடுமையை வரவழைத்ததா, கொடுமைக்குத் துணிந்தவர்கள் சாயம் பூசினார்களா என்பதை இந்தக் கணக்குகள் சொல்லிவிடாது.

அதற்குத்தான் ஆய்வுக்கூடம். ஃபிலிப் ஜிம்பார்டோ நியூயார்க்கில் கல்லூரி மாணவிகளுக்குத் தலையை மூடும் உறையும் தொளதொள அங்கியும் மாட்டி, ஒரு பெண்ணுக்கு மின்அதிர்ச்சி கொடுக்கச் சொன்னார். அதிர்ச்சி பொய், அது அவர்களுக்குத் தெரியாது. பேர் எழுதிய அட்டையோடு முகம் தெரிய உட்கார்ந்தவர்களைவிட உறைக்காரிகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் பொத்தானை அழுத்தினார்கள். 1969-இல் இது வெளியானதும் "மனிதனுக்குள் மிருகம்" என்ற பழைய நம்பிக்கைக்கு அறிவியல் முத்திரையே கிடைத்துவிட்டது.

பத்தாண்டில் அந்த முத்திரையில் கீறல் விழுந்தது. 1979-இல் ஜான்சன், டவுனிங் என்ற இருவர் இதைப் போன்ற ஒரு பரிசோதனையில் உடையை மாற்றிப் பார்த்தார்கள். ஒரு தரப்புக்குக் கறுப்பின மக்களை வேட்டையாடிய கூ க்ளக்ஸ் கிளான் அங்கியைப் போன்ற உடை. இன்னொரு தரப்புக்கு நர்ஸ் உடை. கிளான் அங்கி போட்டவர்கள் அதிர்ச்சியைக் கூட்டினார்கள். நர்ஸ் உடை போட்டவர்களோ குறைத்தார்கள்; அதிலும் யாரென்று தெரியாதபோது இன்னும் குறைத்தார்கள். உள்ளே அடைபட்டுக் கிடப்பது மிருகம் மட்டும்தான் என்றால், மறைவு கிடைத்ததும் நர்சும் கடித்திருக்க வேண்டும். பேர் மறையும்போது மனிதன், போட்டிருக்கும் வேஷமும் சுற்றியிருக்கும் கூட்டமும் எதிர்பார்ப்பதைச் செய்கிறான் என்றே இன்றைய ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 1998-இல் போஸ்ட்மெஸும் ஸ்பியர்ஸும் 60 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்துச் சொன்னதும் ஏறக்குறைய இதையே.

குலசேகரன்பட்டினம் தசராவை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஆயிரக்கணக்கானோர் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறார்கள். சடாமுடியும் தொங்கும் நாக்குமாகக் காளி வேஷம் போடுபவர்தான் பார்க்கப் பயங்கரம்; விரதமும் அவருக்குத்தான் கடுமை. காளியாகி அவர் செய்வது, வீடு வீடாகவும் கடை கடையாகவும் போய்க் காணிக்கை பிரித்துக் கோயில் உண்டியலில் சேர்ப்பது. இருந்தாலும், நிஜ இரும்பு ஆயுதங்களோடு வரக் கூடாது என்று காவல்துறை முன்கூட்டியே அறிவித்துவிடுவது வழக்கம்.