பெயரைக் கண்டு ஒதுக்கலாமா?

"கல்யாணம் ஆகாத பிள்ளைக்குக் கருத்தடை மாத்திரையா?" என்று கேட்டு, மருத்துவர் எழுதிய சீட்டை மடித்து வைத்துவிடும் தாய்மாரை எங்கள் நாடுகாணித் தோட்ட லைன்களில் நான் கண்டிருக்கிறேன். மகளோ மாதந்தோறும் அளவுக்கு மீறி இரத்தம் இழந்து, வெளிறிய முகத்துடன் கொழுந்து பறிக்கச் செல்கிறாள்.

உண்மையில் இம்மாத்திரை முதலில் நோய்க்கு மருந்தாகவே அனுமதி பெற்றது. அமெரிக்க அரசு 1957இல் 'எனோவிட்' மாத்திரையை மாதவிலக்குக் கோளாறுகளுக்காக ஏற்றது. கருத்தடைக்கென ஏற்றது 1960இல்தான்.

இது எவ்வாறு வேலை செய்கிறது? மாத்திரையிலுள்ள ஹார்மோன்கள் கருப்பையின் உட்படலம் தடிப்பதைக் குறைக்கின்றன. படலம் மெலிந்தால் உதிரப்போக்கும் வலியும் குறையும். சினைப்பை நீர்க்கட்டியால் தவறும் மாதவிலக்கைச் சீராக்கவும், முகப்பருவைத் தணிக்கவும் இது உதவுகிறது. சினைப்பை, கருப்பை உட்படலப் புற்றுநோய்களின் வாய்ப்பையும் குறைக்கிறது. அரசு இலவசமாக வழங்கும் 'மாலா-என்' அட்டையில் 28 மாத்திரைகள். 21 ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து என்பதைப் பலர் அறியார்.

நம் மலைக்கு நெருக்கமான செய்தி மற்றொன்று. 1952இல் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் வடிவ இரத்த அணுவைக் கண்டறிந்து வெளியிட்டனர். இந்நோயில் சிவப்பணுக்கள் வளைந்து நுண்குழாய்களை அடைக்க, தாங்கொணா வலி உண்டாகும். 'மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன்' என்னும் கருத்தடை ஊசி இவ்வலித் தாக்குதல்களைக் குறைத்ததாக 1982இல் வெளிவந்த ஜமைக்கா ஆய்வு காட்டியது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் அதே மருந்துதான், 2017 முதல் 'அந்தரா' என்ற பெயரில் நம் அரசுத் திட்டத்தில் உள்ளது.

ஆயினும் ஒருவருக்கு ஏற்ற மருந்து மற்றவருக்கு ஏற்காது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டும். ஆகவே அரிவாளணு நோயாளிகளும், உயர் இரத்த அழுத்தம், பார்வை மங்கலுடன் வரும் ஒற்றைத் தலைவலி, மார்புப் புற்றுநோய் உடையோரும் தாமாக வாங்கி உண்ணலாகாது. மிகுந்த உதிரப்போக்கின் காரணத்தை மருத்துவர் ஆராய்ந்த பின்னரே மருந்து தொடங்க வேண்டும்.

மருந்துக்கு ஒரு பெயர் இருக்கலாம், பயன் பல. இதனைப் படிக்கும் தோழியர், அடுத்த விடுமுறையில் ஊர் திரும்பும்போது, தம் அம்மாவிடமும் அண்டை வீட்டு அக்காவிடமும் கூச்சமின்றி எடுத்துச் சொல்வார்களாக. மடித்து வைத்த சீட்டுகள் சிலவேனும் பிரிக்கப்பட்டால், நாம் கற்ற கல்விக்கு அதுவே பயன்.