நீமோவை வீட்டுக்குக் கூட்டி வர ஆசையா? முதலில் காலண்டரை எடுங்க!

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை அடிக்கடி கேட்கும் குரல் இது: “அப்பா, நீமோ!” ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை போட்டுக்கொண்டு ஆடி ஆடி நீந்தும் கோமாளி மீனைப் பார்த்தால் குழந்தைகள் மட்டும் இல்லை, பெரியவர்களும் நின்றுவிடுகிறார்கள். 2003-ல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ செய்த வேலை அது. அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும். “அது படுத்துத் தூங்குற அந்தப் பூவும் வாங்கலாமா?”

சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அது பூ இல்லை. கடல் சாமந்தி என்று தமிழில் சொல்லப்படும் அனிமோன், பவளத்துக்கும் ஜெல்லி மீனுக்கும் சொந்தக்கார விலங்கு. கோமாளி மீனை வளர்ப்பது கொஞ்சம் பொறுமை இருந்தால் முடிகிற விஷயம். அனிமோனை வளர்ப்பது வேறு லெவல். இரண்டையும் ஒரே நாளில் வாங்கிவந்து ஒரே தொட்டியில் போட்டால், பெரும்பாலும் சில வாரங்களில் இரண்டும் போய்விடும்.

என் தோழி ஒருத்திக்கு அதுதான் நடந்தது. புதுத் தொட்டி, புது மீன், புது அனிமோன். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி அனிமோன் இடம் மாறி நகர்ந்து போய் மோட்டாரில் சிக்கிவிட்டது. காலையில் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து, வீடு முழுக்க நாற்றம். மீன்களும் பிழைக்கவில்லை. “காசு போனதுகூட பரவாயில்லடி, கடல்ல நல்லா இருந்த உயிரைக் கொண்டுவந்து கொன்னுட்டேன்” என்று அவள் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. அந்தத் தப்பை நீங்க செய்யாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு பேரும் ஏன் ஒன்றாக இருக்கிறார்கள்?

அனிமோனின் விரல்கள் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள் இருக்கின்றன. மற்ற சின்ன மீன்கள் தொட்டால் செயலிழந்து அதற்கு இரையாகிவிடும். கோமாளி மீனின் உடம்பைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான கோழை அதைக் காப்பாற்றுகிறது. மீனுக்கு எதிரிகள் வராத வீடு கிடைக்கிறது. பதிலுக்கு, அனிமோனைக் கடிக்க வரும் மீன்களை அது விரட்டும். அதன் கழிவு அனிமோனுக்கும், அனிமோனின் உடம்புக்குள் வாழும் நுண்பாசிகளுக்கும் உரமாகும்.

இந்த நுண்பாசிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தை வைத்து உணவு தயாரித்து அனிமோனுக்கு ஊட்டுவது இவைதான். வெளிச்சம் போதவில்லை, அல்லது தண்ணீர் சூடாகிவிட்டது என்றால் அனிமோன் பாசியை இழந்து வெளுத்துவிடும். 1998, 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவில் கடல் சூடாகி பவளங்கள் வெளுத்ததும் இதே காரணத்தால்தான். கடலுக்கே அந்த கதி என்றால், ஏசி இல்லாத ஹாலில் இருக்கும் தொட்டிக்கு?

ஒரு முக்கியமான விஷயம். கடலில் கோமாளி மீனுக்கு அனிமோன் கட்டாயம். தொட்டியில் துரத்திச் சாப்பிட யாரும் இல்லாததால் அனிமோன் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் ஜம்மென்று வாழும். அதனால் “பாவம், வீடு இல்லாம இருக்கே” என்று அவசரப்பட வேண்டாம்.

தொட்டி: சின்னது என்றால் எவ்வளவு சின்னது?

இரண்டு கோமாளி மீன் மட்டும் போதும் என்றால் 75 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் தொட்டி போதும். அனிமோனும் வேண்டும் என்றால் இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டிக்குக் குறையாதீர்கள். கணக்குப்படி அது சுமார் 160 லிட்டர். மணல், பாறை எல்லாம் போக 130 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

சின்னத் தொட்டிதானே சுலபம் என்று தோன்றும். கடல் நீரில் அது தலைகீழ். தண்ணீர் குறையக் குறைய சூடும் உப்பும் கழிவும் சட்டென்று ஏறி இறங்கும். மேஜை மேல் வைக்கும் கண்ணாடிக் கிண்ணம் பக்கமே போகாதீர்கள்.

எடையையும் யோசியுங்கள். தண்ணீர், கண்ணாடி, மணல், பாறை எல்லாம் சேர்த்தால் 200 கிலோவை நெருங்கும். டி.வி. ஸ்டாண்ட் தாங்காது. உறுதியான ஸ்டாண்ட், சமமான தரை, சுவரை ஒட்டிய இடம், நேரடி வெயில் படாத மூலை. இந்த நான்கும் பார்த்த பிறகுதான் கண்ணாடிக்கு ஆர்டர்.

மெரினாவில் தண்ணீர் பிடிக்கலாமா?

பக்கத்திலேயே கடல் இருக்கும்போது உப்பு எதற்கு விலைக்கு என்று கேட்பவர்கள் நிறைய. நகரத்துக் கரையோரத் தண்ணீரில் கழிவுநீரும் எண்ணெயும் கலந்திருக்கும். வேண்டவே வேண்டாம். மீன் தொட்டிக்கென்றே வரும் கடல் உப்புக் கலவை கடைகளில் கிடைக்கிறது. லிட்டருக்கு சுமார் 35 முதல் 40 கிராம் வரை தேவைப்படும். நம் தொட்டிக்கு முதல் முறை கிட்டத்தட்ட 5 கிலோ. சமையல் உப்பு இதற்கு உதவாது. அதில் கால்சியம், மக்னீசியம் போன்றவை தேவையான அளவில் இல்லை.

உப்பைக் கரைக்கும் தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின், போர் தண்ணீரில் கடினத்தன்மை. வீட்டு ஆர்.ஓ. மெஷின் தண்ணீரிலும் கொஞ்சம் தாது உப்பு மிச்சமிருக்கும். சில மெஷின்கள் தாதுவைச் சேர்த்தே கொடுக்கும். ஆர்.ஓ.வுக்குப் பிறகு டி.ஐ. ஃபில்டர் ஒன்றையும் சேர்த்து, டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும் தண்ணீரைப் பயன்படுத்துவது நல்லது.

உப்பு அளவை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் 1.025 காட்ட வேண்டும். தினமும் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே இருக்கும். அதனால் குறைந்த அளவுக்கு ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் இல்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

சூடு என்னும் வில்லன்

தொட்டியின் வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சென்னை மே மாதத்தில் மூடிய அறையின் வெப்பமே அதைத் தாண்டிப் போகும். தண்ணீர் மேல் காற்றடிக்கும் சின்ன ஃபேன் சில டிகிரி குறைக்கும். ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள கடற்கரை ஊர்களில் அதன் வேலை பாதிதான். அனிமோன் வைக்கப் போகிறீர்கள் என்றால் சில்லர் மெஷினை பட்ஜெட்டில் முதலிலேயே எழுதிவிடுங்கள். பெரும்பாலும் மொத்தச் செலவில் பெரிய பங்கு சில்லருக்கும் நல்ல எல்.இ.டி. விளக்குக்கும்தான் போகும். மீனின் விலை இதில் கடைசி வரி.

இவை தவிர ஃபில்டர், அலை உண்டாக்கும் வேவ்மேக்கர் மோட்டார், டெஸ்ட் கிட் தேவை. கழிவை நுரையாக வெளியே தள்ளும் ஸ்கிம்மர் இருந்தால் நல்லது. இரண்டே மீன் என்றால், வாராவாரம் ஒழுங்காகத் தண்ணீர் மாற்றுபவர்கள் அது இல்லாமலும் சமாளிக்கிறார்கள்.

உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வயர் எதுவும் தொட்டியிலிருந்து நேராக பிளக்குக்குப் போகக் கூடாது. நடுவில் கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும். வழிந்து வரும் சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். லைனில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாறை வாங்கும்போது சட்டம் தெரியணும்

தொட்டிக்குள் வைக்கும் பாறைதான் நல்ல பாக்டீரியாவின் வீடு. ‘கடல்ல இருந்து எடுத்த லைவ் ராக்’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பவளப் பாறைகளை உருவாக்கும் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு! செத்துக் காய்ந்த பவளத் துண்டும் விதிவிலக்கு இல்லை. செயற்கையாகச் செய்த செராமிக் பாறையும், கடல் தொட்டிக்கென பாக்கெட்டில் வரும் மணலும் போதும். சில வாரங்களில் பாக்டீரியா அதிலேயே குடியேறிவிடும்.

காலண்டர் எதற்கு?

இப்போது தலைப்புக்கு வருவோம்.

*முதல் வாரம்:* தொட்டியில் தண்ணீர் நிரப்பி கசிவு பாருங்கள். பிறகு உப்பு கரைத்த தண்ணீர், பாறை, மணல். மோட்டாரை ஓட விடுங்கள். மீன் கிடையாது.

*இரண்டு முதல் ஆறாவது வாரம் வரை:* ஒரு சின்ன பச்சை இறால் துண்டைப் போடுங்கள். அது அழுகும்போது அமோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது குறைந்த அளவில் பெரிய ஆபத்து இல்லை. டெஸ்ட் கிட்டில் அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்றால் தொட்டி தயார். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா கொஞ்சம் சீக்கிரப்படுத்தும், ஆனால் டெஸ்ட் பார்க்காமல் மீன் விடக் கூடாது.

*ஏழாவது வாரம்:* கணிசமாகத் தண்ணீர் மாற்றிவிட்டு இரண்டு கோமாளி மீன்களை விடலாம்.

*எட்டாவது மாதம் வாக்கில்:* தொட்டி நிலையாக இருந்தால் மட்டும் அனிமோன். நடுவில் பழுப்புப் பாசி படரும், பயப்பட வேண்டாம். புதுத் தொட்டியில் அது சகஜம்.

எந்த மீன், எந்த அனிமோன்?

ஆரம்பத்துக்கு ஏற்றது ஒசெல்லாரிஸ் வகை. சுமார் 9 செ.மீ. வரைதான் வளரும், குணமும் சாந்தம். நம் மன்னார் வளைகுடாவின் செபே கோமாளி மீன் அழகுதான், ஆனால் இதைவிடப் பெரிதாக வளரும். சின்னத் தொட்டிக்கு வேண்டாம்.

“ஹேட்சரியில் பொரித்த மீனா?” என்று கடையில் கேளுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் குஞ்சு பொரிக்கும் முறையை நம் ஊரிலேயே வெற்றிகரமாகச் செய்திருக்கின்றன. தொட்டியில் பிறந்த மீன் பெல்லட் உணவுக்குப் பழகியிருக்கும், கடலிலிருந்து ஒன்று குறையவும் குறையாது.

ஆணா பெண்ணா என்று கேட்க வேண்டியதில்லை. எல்லாக் கோமாளி மீனும் ஆணாகத்தான் வளரும்; கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஒன்று சற்றுப் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இரண்டு குட்டிகளை வாங்கினால் தானாக ஜோடி சேரும். மூன்றாவதைச் சேர்க்காதீர்கள், அடிதடிதான்.

அனிமோனில் விரல் நுனி குமிழ் மாதிரி இருக்கும் பபிள் டிப் வகை மற்றவற்றைவிடத் தாக்குப் பிடிக்கும். தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகும் என்பதால், ஏற்கெனவே வளர்ப்பவரிடம் ஒரு துண்டு வாங்க முடிந்தால் அதுதான் சிறந்தது. கார்பெட் வகை மிகப் பெரிதாக வளர்ந்து மீனையே பிடித்துத் தின்றுவிடும்.

வாங்கும்போது பாருங்கள்: வாய் மூடியிருக்க வேண்டும், அடிப்பாதம் கிழியாமல் கண்ணாடியையோ பாறையையோ பிடித்திருக்க வேண்டும், நிறம் பழுப்பு அல்லது பச்சை கலந்து இருக்க வேண்டும். பால் வெள்ளையாகவோ பளீர் மஞ்சளாகவோ இருந்தால் பாசி இழந்தது அல்லது சாயம் ஏற்றியது. அதை விட்டுவிட்டு வாருங்கள்.

விடுவதற்கு முன் எல்லா மோட்டார் வாயிலும் ஸ்பாஞ்ச் மூடி போடுங்கள். அனிமோனுக்குக் கால் இல்லை, ஆனால் நடக்கும். பிடித்த இடம் கிடைக்கும்வரை ஊர்ந்துகொண்டே இருக்கும். என் தோழியின் தொட்டியில் இல்லாமல் போனது அந்த ஒரு துண்டு ஸ்பாஞ்ச்தான்.

இன்னொன்று, இவ்வளவும் செய்தபிறகு உங்கள் மீன் அனிமோனைத் திரும்பிப் பார்க்காமலும் போகலாம். ஒசெல்லாரிஸுக்குக் கடலில் பபிள் டிப் வழக்கமான வீடு இல்லை. சில மீன்கள் அன்றைக்கே குடிபோகும், சில மாதக்கணக்கில் யோசிக்கும், சில ஃபில்டர் குழாயோடு குடித்தனம் நடத்தும். அது அதன் இஷ்டம்.

தினசரி வேலை என்ன?

மீனுக்கு ஒருநாளைக்கு இரண்டு முறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு உணவு. அனிமோனுக்கு வாரம் ஒருமுறை சுண்டு விரல் நகம் அளவு இறால். வாரம் 10 சதவிகிதம், அதாவது 13 லிட்டர், தண்ணீர் மாற்ற வேண்டும். ஆவியானதை தினமும் ஈடுகட்ட வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் இதை யார் பார்ப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரன்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

ஒருவேளை தொடர முடியவில்லை என்றால் கடலில் கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டி நோய்கள் கடலுக்குப் போய்விடும். கடையிலோ, வளர்ப்பவரிடமோ ஒப்படைத்துவிடுங்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோமாளி மீன் பத்து வருடத்துக்கு மேலும் வாழும். அனிமோன் அதையும் தாண்டும். அதாவது இன்று கடையில் “நீமோ” என்று கை காட்டும் குழந்தை காலேஜ் போகும்போதும் அந்த மீன் ஹாலில் இருக்கலாம். அவ்வளவு நாள் வாழக்கூடிய ஒன்றுக்காக எட்டு மாதம் காத்திருப்பது பெரிய விஷயமா என்ன? காலண்டரில் முதல் தேதியை இன்றே வட்டம் போடுங்க!