பட்டா நிலமும் ஜெர்மனிப் பட்டமும்

அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கம் வெளிநாடு என்றால் நெடுங்காலமாக சிங்கப்பூர் வேலைதான். இப்போது பி.இ. முடித்த பிள்ளைகள் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் விலக்கு: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருவோரிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது.

முதலில் மதிப்பெண். ஜெர்மனியில் 1 என்பது முதல்தரம், 4 என்பது வெறும் தேர்ச்சி. அண்ணா பல்கலைக்கழகத்தின் உச்சம் 10, தேர்ச்சி 5 என்று வைத்துக்கொள்வோம். 10-லிருந்து நம் சி.ஜி.பி.ஏ.வைக் கழித்து, 5-ஆல் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டினால் அவர்கள் கணக்கு வந்துவிடும். 7.5 எடுத்தவருக்கு 2.5. பல துறைகள் கோடு போடுவது இங்கேதான். 7 எடுத்தவர் 2.8-க்குப் போய் வெளியே நிற்கிறார். இரண்டாம் ஆண்டு முடிவிலேயே இதைப் போட்டுப் பார்த்தால் சரிசெய்ய நான்கு செமஸ்டர் மிச்சமிருக்கும். இறுதியாண்டில் பார்த்துப் பயனில்லை.

சான்றிதழ்களின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயம். அதற்கு 18,000 ரூபாய். அக்டோபரில் தொடங்கும் வகுப்புக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள். சில படிப்புகளுக்கு அதற்கும் முன்பே கதவு மூடிவிடும்.

குடும்பங்கள் உண்மையில் திணறுவது பணத்தில். முதலாண்டுச் சாப்பாடு, வாடகைக்கென 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும்; 2024 செப்டம்பர் முதல் இதுதான் தொகை. அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் மாணவர் கைக்கே திரும்பி வரும். ஆனால் கிளம்பும்முன் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் புரட்டியாக வேண்டும்.

கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். மானாவாரி நிலத்துப் பட்டாவை நீட்டினால் பெரும்பாலும் எடுபடாது. கடன் நின்றுபோனால் நீதிமன்றம் போகாமலே சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு உரிமை தரும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது. அதனால் மேலாளர் வீடோ மனையோ இருக்கிறதா என்றுதான் கேட்பார். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவரும் இந்த இடத்தில் வெறுங்கையோடு நிற்கிறார். கடைசியில் தனியார் வட்டிக்குப் போவது பெரிய ஆபத்து.

மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுவழிக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. 60 சதவீத மதிப்பெண், 8 லட்சத்துக்குள் குடும்ப வருமானம், 35 வயதுக்குள் என்பவை நிபந்தனைகள். ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் கூலிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் சேர்த்து, நாடு முழுமைக்கும், நான்கே இடங்கள். இது போதவே போதாது. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகையும் இருக்கிறது. கடனுக்கு அலையும் முன் இந்த இரண்டுக்கும் விண்ணப்பிப்பதே முறை.