மூன்றாம் நாளில் எடுத்த தைமஸ்

பிறந்து மூன்றே நாளான சுண்டெலிக் குஞ்சின் மார்பிலிருந்து தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? நோய் எதிர்ப்புக்குத் தேவையான டி செல்கள் முதிர்வது அங்கேதான். அதனால் எலியின் எதிர்ப்பு சக்தி குன்றும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 1969இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பார்த்தது வேறு. பெண் எலிகளின் சினைப்பைகள் சிதைந்து கிடந்தன. அந்த எலிகளின் சொந்த எதிர்ப்புச் செல்களே அவற்றைத் தாக்கியிருந்தது பிறகு தெரியவந்தது.

எதிர்ப்புச் செல்கள் சொந்த உடலையே ஏன் தாக்குகின்றன? நாளை எந்தக் கிருமி நுழையும் என்பது உடலுக்குத் தெரியாது. ஆகவே டி செல்லும், இன்னொரு வகை எதிர்ப்புச் செல்லான பி செல்லும் உருவாகும்போதே மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துச் சேர்த்து, ஒவ்வொன்றும் கிருமியை இனங்காணத் தனக்கென ஓர் ஏற்பியை அமைத்துக்கொள்கிறது. கோடிக்கணக்கான ஏற்பிகளில் ஏதோ சில புதுக் கிருமியோடு பொருந்திவிடும். பொருந்திய செல் பல்கிப் பெருகும். கிருமி ஒழிந்த பிறகும் அதன் வாரிசுகளில் சில நினைவுச் செல்களாகத் தங்கும். தடுப்பூசி பலன் தருவது இப்படித்தான்.

கண்ணை மூடிக்கொண்டு கலைப்பதால், சில ஏற்பிகள் உடலின் சொந்தப் புரதத்தோடும் பொருந்திப்போகும். அத்தகைய டி செல்களைத் தைமஸ் சோதித்து அழிக்கிறது. ஆனாலும் சில தப்பிவிடுகின்றன. ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலும் அவை உண்டு.

அவற்றை அடக்கிவைப்பது எது? ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சி இந்தக் கேள்வியை விடவில்லை. தைமஸ் இழந்த எலிகளுக்கு வேறு எலிகளின் முதிர்ந்த டி செல்களைச் செலுத்தினார், நோய் வரவில்லை. காவல் காக்கும் அந்தத் தனி ரகத்தை, மேற்பரப்பிலுள்ள சிடி25 என்ற புரதத்தை அடையாளமாக வைத்து 1995இல் பிரித்துக் காட்டினார். இவையே ஒழுங்குபடுத்தும் டி செல்கள்.

அமெரிக்காவில் இன்னொரு துப்பு காத்திருந்தது. ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1940களில் தோன்றிய ஓர் எலி இனம் அது. ஆண் குட்டிகளின் தோல் செதில் செதிலாக உரியும், மண்ணீரல் வீங்கும், சில வாரங்களில் இறந்துபோகும். காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும் எக்ஸ் குரோமோசோமில் தேடலை 20 மரபணுக்கள் வரை சுருக்கினார்கள். கோளாறு இருந்தது கடைசியாகப் பார்த்த இருபதாவதில்! 2001இல் வெளியான அந்த மரபணுவின் பெயர் ஃபாக்ஸ்பி3. ஆண் குழந்தைகளைத் தாக்கும் ஐபெக்ஸ் என்ற அரிய நோய்க்கும் அதிலுள்ள கோளாறே காரணம். கைக்குழந்தைக்கே சர்க்கரை நோயும் தீராத வயிற்றுப்போக்கும் வரும். ஒழுங்குபடுத்தும் டி செல்களை உருவாக்குவதே இந்த மரபணுதான் என்பது 2003இல் உறுதியானது. சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

இப்படி உடல் தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றை மரபணுவைக் குறை சொல்ல முடியாது. பரம்பரைச் சாய்வோடு தொற்றும் சேரலாம். இந்தியாவில் இன்றும் காணப்படும் ருமாட்டிக் காய்ச்சல் ஓர் உதாரணம்: தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் புரதம் இதயப் புரதத்தை ஒத்திருப்பதால், கிருமிக்கு எதிராக எழுந்த தாக்குதல் இதய வால்வுகள் மேலும் திரும்புகிறது.

காவல் செல்களைப் பெருக்கி இத்தகைய நோய்களை அடக்கும் சிகிச்சைகள் இப்போது மனிதர்களிடம் பரிசோதிக்கப்படுகின்றன. புற்றுநோய் ஆய்வாளர்களுக்கோ பிரச்சினை தலைகீழ்: கட்டியைச் சுற்றிக் குவிந்து, எதிர்ப்புச் செல்களை நெருங்கவிடாமல் தடுப்பதும் இதே செல்கள்தான்.