எல்லா வகுப்பறையிலும் ஒரே பொத்தான்

மாலை ஏழு மணி வகுப்பு. வேலை முடிந்து, எம்ஆர்டியில் நின்றுகொண்டே வந்து, இரவு உணவுக்குப் பதில் ஒரு ரொட்டியைக் கடித்துவிட்டு 40 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். விரிவுரையாளர் மடிக்கணினியைத் திறக்கிறார். மேசையில் மூன்று கேபிள்கள். இரண்டு பொருந்தவில்லை. பொருந்திய மூன்றாவதைச் செருகினால் திரை நீலமாகவே நிற்கிறது. முன்வரிசை மாணவர் ஒருவர் எழுந்துபோய் ரிமோட்டைத் தட்டிப் பார்க்கிறார். மணி ஏழு பத்து.

பத்து நிமிடம்தானே என்று தோன்றலாம். 40 பேருக்கும் சேர்த்தால் 400 நிமிடம், அதாவது ஆறு மணி நேரத்துக்கும் மேல். 25 வயதைத் தொட்ட சிங்கப்பூரர்களுக்குக் கிடைத்த 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையையும், 2024 மே முதல் 40 வயதுக்காரர்களுக்கு வந்த கூடுதல் 4,000 வெள்ளியையும் நம்பி நம்மில் பலர் மறுபடி வகுப்புக்குப் போகிறோம். வீட்டில் பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு வந்த நேரம் அது. ரிமோட்டுக்கு பேட்டரி தேடவா?

யாரும் வேண்டுமென்றே செய்த குழப்பம் இல்லை இது. ஒவ்வொரு துறையும் தனக்குப் பணம் ஒதுக்கப்பட்ட ஆண்டில், அன்று சந்தையில் இருந்ததை வாங்கிப் பொருத்தியிருக்கும். 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ இணைப்பு படத்தை மட்டுமே கடத்தும். ஒலிக்குத் தனி வயர் வேண்டும். 2002இன் இறுதியில் வந்த எச்டிஎம்ஐ இரண்டையும் ஒரே கேபிளில் அடக்கியது. 2014இல் யுஎஸ்பி-சி, இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் அது மட்டும்தான் இருக்கிறது. மூன்று தலைமுறையும் ஒரே மேசையில் கூட்டுக்குடித்தனம் நடத்தும்போது, நமக்கு வேண்டிய அடாப்டர் மட்டும் வேறு யாருடைய பையிலோ இருக்கும்!

புதிதாகக் கட்டும்போது இதைச் சரியாகச் செய்வது எளிது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2015இல் திறக்கப்பட்ட ‘தி ஹைவ்’ கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். தாமஸ் ஹெதர்விக்கின் நிறுவனம் வடிவமைத்தது. பார்ப்பதற்கு டிம் சம் கூடைகளை அடுக்கியதுபோல இருக்கும். அதில் 56 பயிற்சி அறைகள். ஆசிரியர் முன்னால் நின்று பேச, மற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்து கேட்கும் முறையை மாற்றி, மாணவர்கள் குழுக்களாக உட்கார்ந்து திரைகளைப் பகிர்ந்துகொள்வதற்காகத் திட்டமிட்டவை. சிக்கல் இருப்பது பழைய கட்டடங்களில். அங்கே ஒவ்வொரு அறைக்கும் ஒரு வயது, ஒரு ரிமோட்.

எல்லா அறையிலும் ஒரே விலைப் பொருளை வைக்கச் சொல்லவில்லை. 20 பேர் அறைக்கு ஏற்ற புரொஜெக்டர் 400 பேர் அரங்கிற்குப் போதாது. இசைத்துறைக்கு வேண்டிய ஒலிபெருக்கி கணக்கியல் வகுப்புக்கு எதற்கு? ஆனால், தொடங்கும் பொத்தான் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கலாம், கேபிள் மேசையின் அதே பக்கத்தில் இருக்கலாம். வானொலியில் இதன் அருமை எங்களுக்குத் தினமும் தெரியும். ஸ்டூடியோ மாறினாலும் ஃபேடர்கள் அதே வரிசையில் இருப்பதால்தான், பாட்டு முடியும் நொடியில் கை தானாக மைக்கிற்குப் போகிறது. தேடிக்கொண்டிருந்தால் நேயர்களுக்கு நிசப்தம்தான்.

வளாகம் தாண்டியும் இப்படி ஒத்துப்போக முடியும் என்பதற்கு எடுரோம் வைஃபை சாட்சி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர் நன்யாங் போனாலும், வெளிநாட்டில் அதில் சேர்ந்துள்ள வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனாலும், தன் சொந்தக் கணக்கிலேயே இணையத்துக்குள் நுழையலாம். உலகம் முழுக்க வைஃபை ஒத்துப்போகும்போது, பக்கத்துக் கட்டடத்தின் திரை ஏன் ஒத்துவரக்கூடாது?

இன்னொன்று சொல்லியே ஆகவேண்டும், தொழில்புத்தி போகாதே. மைக்! “என் குரல் போதும், மைக் வேண்டாம்” என்று சொல்லிப் பேசத் தொடங்குபவர்கள் எல்லா வளாகத்திலும் உண்டு. பின்வரிசையில் காதொலிக் கருவியோடு உட்கார்ந்திருப்பவரை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. வகுப்பைப் பதிவு செய்யும் கணினிக்கும் அந்தக் கணீர் குரல் எட்டுவதில்லை. காய்ச்சலில் வீட்டிலிருந்து பதிவைப் பார்க்கும் மாணவருக்குக் கிடைப்பது அழகான ஸ்லைடுகளும் தூரத்து முணுமுணுப்பும். படம் மங்கினால் பொறுத்துக்கொள்வோம். ஒலி மங்கினால் ஐந்து நிமிடத்தில் மூடிவிடுவோம். சட்டையில் குத்தும் மைக் ஒவ்வோர் அறையிலும் அதே இழுப்பறையில், சார்ஜ் ஏற்றப்பட்டு இருந்தால் இந்தப் பேச்சே எழாது. பெரிய திரைக்குச் செலவிடும் பணத்தில் கொஞ்சம் இதற்குப் போகட்டும் என்பேன்.

கருவிகள் ஒரே மாதிரி இருந்தால் பழுது பார்ப்பவருக்கும் லாபம். பத்து வகை உதிரிப் பாகங்களுக்குப் பதில் இரண்டு வகை வைத்திருந்தால் போதும். அறையின் கருவிகள் வலைப்பின்னலில் இணைந்திருந்தால், இருக்கும் இடத்திலிருந்தே நிலைமையைப் பார்த்து, “அந்தப் பொத்தானை அழுத்துங்கள்” என்று தொலைபேசியில் சொல்லி முடித்துவிடலாம். புரொஜெக்டர் விளக்குகள் சில ஆயிரம் மணி நேரத்தில் தேய்ந்துவிடும். லேசர் வகை 20,000 மணி நேரம்வரை வரும். விளக்கு மாற்ற ஏணியோடு அலைவது குறையும்.

ஆனால், தொலைபேசியை எடுக்க அங்கே ஆள் இருக்கவேண்டுமே! அலுவலக நேரம் முடிந்தால் உதவிப் பிரிவும் மூடிவிடும் என்றால், மாலை வகுப்புக்காரர்கள் நிலை என்ன? கட்டணம் கட்டுவதில் அவர்களுக்குச் சலுகை நேரம் எதுவும் இல்லை. சுவரில் ஒட்டிய எண்ணை இரவு எட்டு மணிக்கு அழைத்தாலும் ஒருவர் பேசவேண்டும், தேவைப்பட்டால் நடந்து வரவேண்டும். புதுக் கருவி வாங்கும்போது ரிப்பன் வெட்டிப் படம் எடுக்கலாம். இரவுப் பணிக்கு ஆள் போட்டால் அப்படிப் படம் எடுக்க முடியாது. செலவுக் கணக்கில் இதற்குக் கடைசி இடம் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குச் சந்தேகம்.

திரை வராத கோபத்தை, பருவ இறுதிக் கருத்துப் படிவத்தில் ஆசிரியர் மீது காட்டிவிடுகிறோம். அடுத்த முறை படிவம் வரும்போது, என்ன பழுது, எந்த அறை, எந்தக் கிழமை என்று எழுதிக் கொடுங்கள். ஆகஸ்டில் புதிய பருவம் தொடங்குவதற்குமுன் எந்தக் கதவை முதலில் திறந்து பார்ப்பது என்று தொழில்நுட்பப் பிரிவுக்கு அதிலிருந்துதான் தெரியும்.