ஸ்டே கம்பியைப் பிடித்திருக்கும் மணல்

சென்னை அஸ்தினாபுரத்தில் தெரு திரும்பும் இடங்களில் மின்கம்பத்தைக் கவனியுங்கள். லைன் ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் சாய்வாக ஸ்டே கம்பி இறங்கும். நடுவில் முட்டை வடிவப் பீங்கான் இன்சுலேட்டர், கீழே தரைக்குள் புகும் இரும்புத் தடி. தடியின் நுனியில், நாலைந்து அடி ஆழத்தில், ஏறக்குறைய ஓரடிச் சதுரத் தகடு ஒன்று படுத்திருக்கும். நிலத்துக்குள் போட்ட நங்கூரம்! 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது, நம் பக்கத்துக் கம்பங்கள் பலவும் இதை நம்பித்தான் நின்றன.

தகட்டை இழுத்தால், மேலே புனல்போல் விரிந்த ஒரு மண்கட்டியே மொத்தமாகக் கிளம்பப் பார்க்கும். அதன் எடையும் ஓரத்து உராய்வும்தான் பிடிப்பு. அந்த ஓரம் வெறும் கோடு அல்ல, ஒரு பட்டை. அதற்குள் மணல் மணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் புரளும். இறுகிய மணல் உப்பும். பட்டையின் தடிமன் மணியின் அளவைப்போல் சுமார் 10 மடங்கு.

கட்டட மணலை மாவு சல்லடையில் சலித்து இரண்டாகப் பிரித்தேன். 3 செ.மீ. பாட்டில் மூடியில் நூல் கோத்து, வாளியில் புதைத்து, தட்டித்தட்டி இறுக்கி இழுத்தேன். நைஸ் மணல் சட்டென்று விட்டுவிட்டது. கரட்டு மணலோ மெல்ல மெல்லத்தான் இளகியது. மணி 1 மி.மீ. என்றால் பட்டை 1 செ.மீ.; மூடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு! ஓரடித் தகட்டுக்கோ அதே பட்டை முப்பதில் ஒரு பங்குதான்.

வம்பு இங்கேதான். மூடியைச் சுற்றி மணல் முழுவதும் ஒரே நேரத்தில் முழுப் பலத்தைக் காட்டிவிடும். பெரிய தகட்டில் விளிம்பு முதலில் தளரும். உடைப்பு தரைமட்டத்தை எட்டுவதற்குள் கீழே பலம் இறங்கியிருக்கும். ஆகவே மாதிரியில் கண்ட பலத்தைப் பரப்பளவால் பெருக்கிக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். ஐ.ஐ.டி. பம்பாயில் உள்ளதுபோன்ற மையவிலக்குச் சுழலியில் மாதிரியைச் சுழற்றி மண்ணின் எடையைக் கூட்டலாம். மணி மட்டும் சிறுக்காது. அதனால் மாதிரித் தகடு மணியைப்போல் ஏறக்குறைய 50 மடங்காவது இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள்.

மழைக்காலத்தில் கதை வேறு. மணி பத்தில் ஒன்றாகச் சிறுத்தால், நீர் ஊடுருவும் வேகம் நூறில் ஒன்றாகும். காற்று வெடுக்கென்று இழுக்கும்போது, ஈரமான நைஸ் மணல் இறுகியிருந்தால் உப்ப முயலும். நீர் உள்ளே வர நேரமில்லாமல் உறிஞ்சிப் பிடிக்கும். தளர்வாக இருந்தால் நீரழுத்தம் ஏறிப் பிடி நழுவும்.

முழு அளவுத் தகட்டுக்கு மணியின் அளவைவிட இந்த இறுக்கம்தான் பெரிது. குழியை மூடும்போது மண்ணை ஒரேயடியாகத் தள்ளாமல், ஒவ்வொரு அடுக்காகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடிக்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் கம்பத்தின் பிடிப்பு முடிவாகிறது.